ஆட்டை விட்டுக் கோழிக்கு மாறலாமா? கறியைக் குறைக்க நினைக்கும் வீட்டுக்கு ஒரு கணக்கு

கறியைக் குறைக்கலாம் என்று ஒரு வீட்டில் முடிவானால், பெரும்பாலும் முதலில் நடப்பது ஒன்றுதான். ஆட்டுக்கறி நிற்கும், அந்த இடத்துக்குக் கோழி வரும். விலை குறைவு, கொழுப்பு குறைவு, பூமிக்கும் நல்லது என்று காரணம் சொல்வார்கள். பூமிக்கு நல்லது என்பது உண்மைதான். ஆனால் "ஓர் உயிரைக் கொன்று தின்பதைக் குறைக்கலாமே" என்ற எண்ணமும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தால், கோழிக்கு மாறுவது அதற்கு நேர் எதிரான செயல். ஓர் ஆட்டில் ஏறக்குறைய 12 கிலோ கறி தேறும். 2 கிலோ உயிர் எடையுள்ள பிராய்லரைத் தோலுரித்தால் 1.3 கிலோ. ஓர் ஆட்டின் கறிக்கு ஈடாக 9 கோழிகள் போக வேண்டும். அந்த 9 கோழியும் வாழ்ந்த வாழ்க்கை ஆடு வாழ்ந்ததைவிடப் பல மடங்கு மோசமானது.

இறைச்சி பற்றிய பொது விவாதத்தில் சுற்றுச்சூழலும் உயிர்நேயமும் ஒரே அணியாக நின்று பேசுகின்றன. அடுப்படிக்கு வந்ததும் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. புவி வெப்பத்தைக் குறைக்கச் சொல்லும் கணக்கு ஆடு, மாடு, பாலிலிருந்து நம்மைக் கோழிப் பக்கம் தள்ளும். வதையைக் குறைக்கச் சொல்லும் கணக்கு கோழியைத்தான் முதலில் விடச் சொல்லும். இரண்டும் சண்டையில்லாமல் ஒத்துப்போவது பருப்பு, பயறு, கடலையில் மட்டும். ஆகவே எதை விடுவது என்பதற்கு முன் எதற்காக விடுகிறோம் என்பதை வீட்டில் பேசி முடிக்க வேண்டும்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

இந்த விவாதத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் திரட்டிச் செய்தது. 100 கிராம் புரதம் நம் தட்டுக்கு வர எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வாயு வெளியாகிறது என்று பார்த்தால் உலகச் சராசரி இப்படி வருகிறது: கறிக்கென்றே வளர்க்கும் மாட்டிறைச்சி 50, செம்மறி மற்றும் வெள்ளாட்டு இறைச்சி 20, பண்ணை இறால் 18, பால் கறந்து ஓய்ந்த மாட்டின் இறைச்சி 17, பாலாடைக்கட்டி 11, பண்ணை மீன் 6, கோழி 5.7, முட்டை 4.2, நிலக்கடலை 1.2, பருப்பு வகைகள் 0.8.

ஆடும் மாடும் ஏன் இவ்வளவு உயரத்தில் நிற்கின்றன? அவை அசைபோடும் விலங்குகள். வைக்கோலையும் புல்லையும் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கும்போது மீத்தேன் உண்டாகி, ஏப்பமாக வெளியே வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்குக்கு மேல் சூடேற்றும். ஆனால் வளிமண்டலத்தில் ஏறக்குறைய 12 ஆண்டுகளே தங்கும். அதனால் இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும். கோழிக்கு அந்த இரைப்பை இல்லை. அதன் சுமையில் பெரும்பகுதி தீவனத்தில் இருக்கிறது.

இன்னோர் எண்ணும் அடிக்கடி வீசப்படும்: ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,000 லிட்டர் தண்ணீர். எண் சரிதான், அது சொல்லும் பொருளைத்தான் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் 94 விழுக்காடு மேய்ச்சல் நிலத்திலும் தீவன வயலிலும் பெய்த மழைநீர். மாடு இல்லாவிட்டாலும் அந்த மழை பெய்யும், புல் முளைக்கும். தண்ணீருக்காகக் கறியைக் குறைக்கிறோம் என்பவர்கள் பார்க்க வேண்டியது கிணற்றிலிருந்தும் ஆற்றிலிருந்தும் இறைத்த நீரை. அந்தக் கணக்கில் நம் ஊர் நெல்லும் கரும்பும் முன் வரிசையில் வந்து உட்காரும்.

ஆடு: சராசரிக்குள் அடங்காத மேய்ச்சல்

தமிழ்நாட்டில் மட்டன் என்று வாங்குவது செம்மறியாகவும் இருக்கும், வெள்ளாடாகவும் இருக்கும். மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வெம்பூர் எல்லாம் செம்மறி இனங்கள். கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு ஆகியவை வெள்ளாடுகள். இவற்றில் பெரும்பகுதி இன்றும் அறுவடை முடிந்த தாளடி, தரிசு, கண்மாய்க் கரை, கருவேலங்காய் என்று மனிதன் உண்ண முடியாததை மேய்ந்தே வளர்கின்றன. அமேசானில் காடு அழிவதற்கு முதல் காரணம் மாட்டு மேய்ச்சல் நிலம். அந்தப் பாவத்தை மானாமதுரைச் செம்மறியின் தலையில் ஏற்றக் கூடாது.

கிடை போடுவதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அறுவடை முடிந்ததும் கீதாரிகள் என்னும் ஆட்டு மேய்ப்பர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து டெல்டா வரை போவார்கள். இரவில் வலை கட்டி வயலில் ஆட்டை அடைப்பார்கள். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். ஒரே இடத்தில் அடைத்தால் மூத்திரம் தேங்கிப் பயிர் கருகும் என்பதால் வலையை இடம் மாற்றிக்கொண்டே வருவார்கள். புழுக்கையும் மூத்திரமும் இறங்கிய வயலுக்கு மூட்டை உரம் குறைவாகவே தேவைப்படும். யூரியா செய்யவும் போடவும் ஆகும் வாயு அங்கே மிச்சமாகிறது. உலகச் சராசரி எண்ணில் இது தெரியாது.

அதே நேரத்தில், மேய்ச்சல் ஆடு வெப்பக் கணக்கில் சுத்தமானது என்று சொல்லிவிடவும் முடியாது. அது மெதுவாக வளர்கிறது. 8 மாதம், 10 மாதம், சில நேரம் ஓர் ஆண்டு. அத்தனை நாளும் ஏப்பம் விடுகிறது. கிலோவுக்கு வரும் மீத்தேன் அடைத்து வளர்த்த ஆட்டைவிடக் கூடுதலாகவே வரும். உயிர்நேயத்தின் பக்கம் நின்று பார்த்தால் படம் மாறுகிறது. வெயிலில் நடந்து, மந்தையோடு கிடந்து, குட்டி தாயிடம் பால் குடித்து வளர்ந்த உயிர் அது. அதன் கெட்ட நேரம் பெரும்பாலும் சந்தையிலிருந்து லாரியில் ஏற்றுவதில் தொடங்கி அறுப்பில் முடிகிறது. 2001இன் மத்திய இறைச்சிக்கூட விதிகள் ஒரு விலங்கின் கண்முன்னே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்கின்றன. ஞாயிறு காலைச் சாலையோரத்தில் அந்த விதி நடைமுறையில் இல்லை.

கோழி: எல்லோரும் கடந்துபோகும் கொட்டகை

பல்லடம் வட்டாரத்திலிருந்து பரவிய ஒப்பந்த முறைதான் இன்று பிராய்லர் வளர்ப்பின் பொது முறை. கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும். விவசாயி கொட்டகையும் உழைப்பும் கொடுத்து, கிலோவுக்கு வளர்ப்புக் கூலி வாங்குவார். தரையில் தென்னை நார்க்கழிவோ உமியோ பரப்பி, கோழிக்கு ஒரு சதுர அடி என்ற கணக்கில் ஆயிரக்கணக்கில் விடுவார்கள். வந்த அன்று 40 கிராம் எடையுள்ள குஞ்சு 35 முதல் 42 நாளில் 2 கிலோவைத் தொடும். ஒரு கிலோ உயிர் எடைக்கு 1.6 முதல் 1.7 கிலோ தீவனமே போதும். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான் அதன் சாரம். வெப்பக் கணக்கில் கோழி இவ்வளவு கீழே இறங்கி நிற்பதற்கு இந்தச் சிக்கனமே காரணம்.

கோழியின் துன்பத்துக்கும் காரணம் அதே சிக்கனம்தான். நெஞ்சுக்கறி வளரும் வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கடைசிப் பத்து நாளில் கோழி நடப்பதைவிட உட்கார்ந்திருக்கும் நேரமே அதிகம். கீழே இருக்கும் நார் எச்சத்தில் நனைந்து அம்மோனியா கிளம்பும். உட்கார்ந்த இடத்தில் தோல் வெந்துபோகும். கடைக் கூண்டில் நிற்கும் கோழியைக் குனிந்து பார்த்தால் கால் முட்டியில் கரும்பழுப்புத் தழும்பும், நெஞ்சில் இறகு உதிர்ந்து சிவந்த தோலும் தெரியும். சித்திரை வெயிலில் வாய் பிளந்து மூச்சு வாங்கியே செத்துப்போகும் கோழிகள் ஒவ்வொரு பண்ணையிலும் உண்டு. பிடிப்பு இரவில் நடக்கும். ஒரு கைக்கு நாலைந்து கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி டிரேயில் அடைப்பார்கள். அதற்கப்புறம் கடைக்குக் கடை மொபெட்டின் இரண்டு பக்கமும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போவதை நாம் தினமும் பார்க்கிறோம். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம்.

இந்தப் பழக்கம்தான் நம் விவாதத்தையே கோணலாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் விலங்குகளைப் பற்றிப் பெரிய அளவில் பேசப்பட்ட தருணங்களை எண்ணிப் பாருங்கள். 1950இன் பலியிடல் தடைச் சட்டத்தை 2003இல் தூசி தட்டி எடுத்துக் கோயில்களில் கிடா வெட்டைத் தடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது, 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்றது. இரண்டிலும் நியாயங்கள் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் ஓடும் காளைக்கும், திருவிழாவில் விழும் கிடாவுக்கும் கிடைத்த கவனத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கொட்டகைக் கோழிக்குக் கிடைக்கவில்லை. எண்ணிக்கையில் பார்த்தால் துன்பம் முழுக்க அங்கேதான் குவிந்து கிடக்கிறது.

நல்ல முறையில் வளர்த்த கோழியாகப் பார்த்து வாங்கலாமே என்றால், அதில் ஏமாற்றம் அதிகம். கடைகளில் நாட்டுக்கோழி என்று விற்பதில் பெரும்பகுதி கலப்பினம். கொட்டகையில் அடைத்து மூன்று மாதத்தில் எடுப்பது. முற்றத்தில் மேய்ந்த உண்மையான நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ ஏற 5, 6 மாதம் ஆகும். எலும்பு கெட்டியாக இருக்கும், கறி வேக 40 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். 20 நிமிடத்தில் பஞ்சாக வெந்துவிட்டால் அது நாட்டுக்கோழி கிடையாது. உண்மையானது கிடைத்தால் கொடுத்த விலைக்குத் தகும், ஆனால் மாதம் ஒரு முறைக்கு மேல் கட்டுப்படியாகாது. அதுவே குறைப்பதற்கு நல்ல வழியும் ஆகிறது.

முட்டை: உயிரை எண்ணினால் ஒன்று, நாளை எண்ணினால் வேறு

ஒரு முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும். முட்டைக்கு 6 கிராம் புரதம் என்றால் ஆண்டுக்கு 1,800 கிராம். ஒரு பிராய்லர் கோழியில் எலும்பு போகக் கிடைப்பது ஏறக்குறைய 190 கிராம் புரதம். உயிர்களை எண்ணினால் முட்டை ஒன்பது மடங்கு மேல். பொரிப்பகத்தில் முதல் நாளே அழிக்கப்படும் சேவல் குஞ்சையும் சேர்த்து எண்ணினாலும் நாலு மடங்குக்கு மேல் நிற்கிறது.

இன்னொரு விதமாகவும் எண்ணலாம். 100 கிராம் புரதத்துக்காக ஒரு பறவை எத்தனை நாள் அடைபட்டுக் கிடக்கிறது? பிராய்லரில் 21 நாள். முட்டையில் 20 நாள். கிட்டத்தட்ட சமம். ஆகவே முட்டைக்கு மாறுவது நல்லதா என்ற கேள்விக்குப் பதில் அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்பதில் இருக்கிறது. நாமக்கல் பண்ணைகளின் வழக்கமான கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஓர் ஏ4 தாளைவிடச் சிறியது. இறக்கை விரிக்க முடியாது, மண்ணில் புரள முடியாது, மறைவாகப் போய் முட்டையிட முடியாது. இப்படி ஓர் ஆண்டுக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வெறும் கூண்டு 2012 முதல் கூடாது. இந்தியாவில் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் தன் 269ஆவது அறிக்கையை முழுக்க முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்புக்கே ஒதுக்கி, விதிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஓட்டின் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழுப்பு ஓடு கோழியின் இனத்தைச் சொல்லும், கூண்டா வெளியா என்பதைச் சொல்லாது. மஞ்சள் கருவின் அடர்ந்த நிறம் தீவனத்தால் வருவது. தீவனத்தில் நிறமி சேர்த்தாலும் வரும். நேரில் கேட்க ஆள் இருக்கும் இடத்தில் வாங்குவதுதான் உறுதியான வழி. கிராமத்திலோ ஊர் ஓரத்திலோ பத்து, இருபது கோழி மேயவிடும் வீடு ஒன்று தெரிந்திருந்தால் வாரம் 10 முட்டைக்குச் சொல்லிவைக்கலாம்.

பள்ளிச் சத்துணவில் கொடுக்கும் முட்டையை இந்தக் கணக்குக்குள் இழுக்கக் கூடாது. வளரும் பிள்ளைக்கு அந்த ஒரு முட்டையின் மதிப்பு தனி. அதை நிறுத்தச் சொல்லும் குரல், உயிர்நேயத்தின் பெயரால் வந்தாலும் மதத்தின் பெயரால் வந்தாலும், ஏழை வீட்டுக் குழந்தையின் தட்டிலிருந்து எடுக்கச் சொல்வதாகவே முடியும். கூண்டை மாற்றச் சொல்லிக் கேட்பது நியாயம். அரசே பெரிய கொள்முதலாளர் என்பதால் அந்தக் கோரிக்கைக்கு வலுவும் உண்டு.

மீன், இறால்

மத்தி, நெத்திலி, அயலை போன்ற சிறு மீன்கள் கூட்டமாகக் கரையை ஒட்டி வருபவை. குறைந்த டீசலில் பிடிபடுபவை. வெப்பக் கணக்கில் கோழியைவிடவும் இவை மேல். முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். ஆனால் உயிரை எண்ணும் முறை இங்கே திணறும். ஒரு கிலோ நெத்திலியில் நூற்றுக்கணக்கான உயிர். உயிர் எண்ணிக்கையைப் பெரிதாக நினைப்பவர் சிறு மீனைத் தேர்ந்தெடுக்க முடியாது. வாழ்ந்த வாழ்வை எண்ணுபவர் தேர்ந்தெடுக்கலாம், கடலில் சுதந்திரமாக வாழ்ந்தது என்பதால்.

விசைப்படகு இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடியில் வருவது வேறு. அது கடல் தரையைச் சுரண்டிக் குஞ்சு குளுவானையும் சேர்த்து அள்ளுகிறது. அதில் உதவாதது என்று ஒதுக்கிய மீன் உலர்ந்து கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வரத்து நிற்கும். அப்போது நாட்டுப்படகு மீனை வாங்குங்கள்.

இறாலை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். நாகை வட்டாரத்தில் இறால் பண்ணைகளால் வயலும் குடிநீரும் உப்பானதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புரதத்துக்காக யாரும் இறால் தின்பதில்லை, ருசிக்குத்தான். எப்போதாவது தின்றால் போதும்.

பால்: சைவத்தின் கணக்கில் விடுபட்டது

சுற்றுச்சூழலுக்காகச் சைவம் ஆகிறேன் என்று சொல்லிக் கறியின் இடத்தில் பனீரை வைப்பவர்கள் பலர். 100 கிராம் பசும்பால் பனீருக்கு 600 மில்லிக்குக் குறையாமல் பால் வேண்டும். பாலாடைக்கட்டி போலவே பனீரும், புரதத்துக்குப் புரதம் பார்த்தால் கோழியைவிட அதிக வாயுவை வெளியேற்றும் உணவு. கறக்கும் மாடும் அசைபோடும் மாடுதான்.

வதைக் கணக்கிலும் பால் தப்பாது. மாடு கறக்க வேண்டுமானால் ஈன வேண்டும். ஈனுவதில் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்தபின் கலப்பினக் காளைக்கன்றுக்கு வேலை இல்லை. அது சில வாரத்தில் வீட்டை விட்டுப் போய்விடும். எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கறவை வற்றிய மாடும் அதே வழிதான். அந்த விற்பனையில் கிடைக்கும் பணத்தில்தான் விவசாயி அடுத்த மாட்டை வாங்குகிறார். பால் குடிப்பவரின் வீட்டில் மாட்டிறைச்சி சமைக்காவிட்டாலும், பாலும் மாட்டிறைச்சியும் ஒரே தொழிலின் இரண்டு கைகள்.

இதனால்தான் மாட்டிறைச்சியைத் தடை செய்வது சுற்றுச்சூழலுக்கோ மாட்டுக்கோ உதவும் என்ற வாதம் நம் நாட்டில் எடுபடவில்லை. 2017 மே மாதம் சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்பதைத் தடுக்கும் மத்திய விதி வந்தது. சில நாளிலேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. விற்க முடியாத மாடு தெருவில் நிற்கும், நெகிழிப் பை தின்று சாகும். மீத்தேனும் அதன் கூடவே வந்துகொண்டிருக்கும். இங்கே கிடைக்கும் மாட்டிறைச்சி பெரும்பாலும் உழுது, கறந்து ஓய்ந்த மாட்டினுடையது. பட்டியலில் 50 என்று நிற்கும் எண் அதற்குப் பொருந்தாது, 17தான் அதற்கு நெருக்கம். தலித், இஸ்லாமியர், கிறித்தவர் வீடுகள் பலவற்றில் அதுவே கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் கறி. சாதி வெறுப்பும் உயிர்நேயமும் ஒரே மொழியில் பேசும்போது, பேசுபவர் தன் வீட்டுத் தயிரையும் நெய்யையும் முதலில் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பருப்பு: வெல்லும் இடமும் சறுக்கும் இடமும்

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் நெல்லுக்கு இடையிலேயே உளுந்தையும் பயறையும் தெளிப்பார்கள். வயலில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். தனியாகத் தண்ணீர் இல்லை, உழவு இல்லை. வேர் முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். விலங்கும் சாகாமல், வாயுவும் பெருகாமல், நிலமும் தேறும் புரதம் இதைவிட வேறு இல்லை. துவரையும் மசூரும் கப்பலில் வந்தவையாக இருந்தாலும் கவலை வேண்டாம். கப்பல் சரக்கின் பங்கு அந்தச் சிறிய எண்ணிலும் சிறியது.

ஆனாலும் வீடுகளில் இந்த மாற்றம் இரண்டே மாதத்தில் தோற்றுப்போகிறது. காரணங்கள் பெரும்பாலும் இவைதான்.

முதலாவது அளவு. நான்கு பேருக்கான சாம்பாருக்கு அரை டம்ளர் பருப்பு போட்டால் ஆளுக்கு 20, 25 கிராம்தான் வரும். 5 கிராம் புரதம். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு 150 கிராம் கறி தின்ற உடம்புக்கு இது எட்டாது. கறியை எடுத்த வேளையில் ஆளுக்கு 60 முதல் 80 கிராம் உலர்ந்த பருப்போ கடலையோ உள்ளே போக வேண்டும். சாம்பாரில் அது நடக்காது. அடை, சுண்டல், கொண்டைக்கடலைக் குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, பாசிப்பயறு தோசை ஆகியவற்றில் நடக்கும். அடைக்கு அரிசி ஒரு பங்கு, பருப்பு இரண்டு பங்கு என்று வைத்தால் மொறுமொறுப்பு சற்றுக் குறையும், புரதம் ஏறும்.

இரண்டாவது, கறி மாதிரி இருப்பதை எல்லாம் கறிக்கு ஈடு என்று நம்புவது. பலாக்காயில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. காளானில் 100 கிராமுக்கு 3 கிராம் அளவே. சோயாவில் செய்த மீல்மேக்கரில்தான் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல். ஆளுக்கு 25 கிராம் உலர்ந்த உருண்டை போதும். அதைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் போட்டு, பிழிந்து, குளிர்ந்த தண்ணீரில் இன்னொரு முறை அலசிப் பிழிய வேண்டும். ஒரே பிழிச்சலில் விட்டால் பச்சை வாடை குழம்பு முழுக்க ஏறும். பிள்ளைகள் அதன்பின் தொடமாட்டார்கள்.

மூன்றாவது வயிறு. கடலையைத் திடீரென்று கூட்டினால் வாயு பிடிக்கும். கொண்டைக்கடலையை 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். இஞ்சி, பெருங்காயம் தாராளமாகப் போகட்டும். வாரம் ஒரு வேளையில் தொடங்கி மூன்று வாரத்தில் மூன்று வேளைக்குப் போனால் குடல் பழகிவிடும்.

நான்காவது, குழம்பில் கறி இல்லாத குறையைச் சோற்றால் நிரப்புவது. இது இரட்டை நஷ்டம். அரிசியும் கிலோவுக்கு 4.5 கிலோ வாயுவைக் கொண்டுவருகிறது, நீர் நிற்கும் வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 30 கிலோ அரிசி என்றால் 135 கிலோ வாயு. பருப்பு கூடும்போது சோறு ஒரு கரண்டியாவது குறைய வேண்டும்.

ஒரு வீட்டின் மாதக் கணக்கு

நான்கு பேர், மாதம் 2 கிலோ ஆட்டுக்கறி, 4 கிலோ கோழி, 60 முட்டை, 30 லிட்டர் பால், 2 கிலோ பருப்பு என்று வைத்துக்கொள்வோம். கறியை எலும்பு கழித்து உலகச் சராசரியால் பெருக்கினால் ஆடு 60 கிலோ, கோழி 28, முட்டை 14, பால் 95, பருப்பு 4. ஆக 201 கிலோ. பால்தான் முதலிடம். உயிர்க் கணக்கு ஆண்டுக்கு: ஆடு 2, கோழி 37, முட்டைக்காக இரண்டு மூன்று கோழிகள் கூண்டில்.

ஆட்டை முழுக்க விட்டுக் கோழிக்குப் போனால் மாதம் 46 கிலோ வாயு மிச்சம். ஆண்டுக்கு 2 ஆடு பிழைக்கும், 18 கோழி கூடுதலாகச் சாகும். கோழியைப் பாதியாக்கி 1.3 கிலோ பருப்பைக் கூட்டினால் மிச்சம் 12 கிலோதான், ஆனால் 18 கோழி பிழைக்கும். ஆட்டைப் பாதியாக்கி முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பருப்பை வைத்தால் 29 கிலோ மிச்சம். பாலில் 10 லிட்டர் குறைத்தால் 32 கிலோ மிச்சம். மூன்றாம் காப்பியும் வார இறுதிப் பனீரும் நின்றாலே அந்த 10 லிட்டர் வந்துவிடும்.

கோழியைப் பாதி, ஆட்டைப் பாதி, பாலில் மூன்றில் ஒரு பங்கு என்று மூன்றையும் சேர்த்துச் செய்யும் வீட்டில் வாயு 201இலிருந்து 128க்கு இறங்கும், சாகும் உயிர்கள் 39இலிருந்து 20க்கு இறங்கும். ஞாயிறு கறிக்குழம்பு நின்றுவிடாது, மாதம் நான்கு முறை இருந்தது இரண்டு முறை ஆகும். வெப்பத்தைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால் ஆட்டிலும் பாலிலும் கை வைத்தால் போதும். வதையைக் குறைப்பது நோக்கம் என்றால் கோழியை முதலில் விட வேண்டும், ஆடு கடைசி. எங்கள் பரிந்துரை கோழியில் தொடங்குவது. அதை விடுவது எளிது, வாரம் மூன்று முறை பழக்கத்தில் வாங்குவது அதுதான். பிரியாணிக் கடையில் தின்பதையும் மறக்காமல் சேர்த்து எண்ணுங்கள், பல வீடுகளில் பாதிக் கோழி அங்கேதான் போகிறது.

கைவைக்கக் கூடாத இடங்களும் உண்டு. கர்ப்பிணி, பாலூட்டும் தாய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, சாப்பாடு குறைந்துபோன முதியவர் ஆகியோரின் முட்டையையும் பாலையும் குறைக்க வேண்டாம். கறி குறைந்தால் இரும்புச்சத்து முதலில் இடிக்கும். பருப்பில் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதில் சேராது. சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேர்வது வெகுவாகக் குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

முட்டை, பால் இரண்டையும் விட்டு முழு நனிசைவத்துக்குப் போகிறவர்களுக்கு பி12 மாத்திரை கட்டாயம். ஒரு நாளைக்கு வேண்டியது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான், ஆனால் அது எந்தச் செடியிலும் நம்பத் தகுந்த அளவில் கிடையாது. பழைய சோற்றிலும் முருங்கையிலும் கிடைக்கும் என்று பரவும் தகவல்களை நம்ப வேண்டாம். கல்லீரலில் பழைய இருப்பு ஆண்டுக்கணக்கில் தாங்கும் என்பதால் முதல் ஆண்டு ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று ஆண்டு கழித்துக் கால் விரல் மரத்துப்போகும், மறதி வரும். அப்போது யாருக்கும் சாப்பாட்டை மாற்றியது நினைவுக்கு வராது. மாறிய தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, ஆண்டுக்கு ஒரு முறை இரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.